பச்சைப் பொய்

நூலகர் படத்தைக் கையில் வாங்கினார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், ஜன்னல் பக்கம் திரும்பினார், இரண்டே வார்த்தையில் பூட்டுக்காரரின் ஒரு மாத உழைப்பைக் கவிழ்த்துவிட்டார்.

"பச்சையா இருக்கே."

"பச்சையாவா?" என்றார் பூட்டுக்காரர்.

"ஆமாங்க. கறுப்பு வெள்ளைப் படம்னுதானே சொன்னீங்க? முகமெல்லாம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு. இந்தக் கன்னத்தைப் பாருங்க."

பூட்டுக்காரர் அந்தக் கன்னத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்குக் கன்னம் கன்னமாகத்தான் தெரிந்தது. பாசியும் இல்லை, பச்சையும் இல்லை. "ஆமாமா, லேசா அடிக்குது" என்றார். அன்றைக்கு அது முதல் பொய். வாழ்க்கையில் எத்தனையாவது என்று எண்ணுவதை அவர் விட்டுப் பல வருஷங்கள் ஆகியிருந்தன.

மற்றபடி அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை. அவர் தொழிலில் அது கட்டுப்படியும் ஆகாது. அக்கம்பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் இரண்டு கம்பியை வைத்துத் திறக்கத் தெரிந்த மனிதர் பொய்யும் சொல்கிறவர் என்றால் எவன் அவரைக் கூப்பிடுவான்? தெருவில் எல்லோரும் அவரைச் 'சாவி' என்றுதான் சொல்வார்கள், நம்பிக்கையாகச் சொல்வார்கள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பூட்டுக்காரர் தன் வாய்க்கே பூட்டுப் போட்டிருந்தார். அவருக்குப் பச்சைக்கும் சிவப்புக்கும் வித்தியாசம் தெரியாது.

இருபது வயதில் ரயில் ஓட்டுகிற வேலைக்குப் போனபோதுதான் அவருக்கே அது தெரிந்தது. டாக்டர் ஒரு புத்தகத்தைப் பிரித்து வைத்து, புள்ளிகளுக்கு நடுவில் என்ன எண் இருக்கிறது என்று கேட்டார். புள்ளிகளுக்கு நடுவில் புள்ளிகள்தான் இருந்தன. டாக்டர் பக்கத்தைத் திருப்பினார். அங்கேயும் புள்ளிகள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "எனக்கு அந்த வேலை பிடிக்கலை" என்று சொன்னார். பிறகு கல்யாணமானபோது மனைவியிடமும் அதையே சொன்னார். அவளோ தையல்காரி. காலையில் கண் விழித்தால் அவளுக்கு நிறம்தான் பிழைப்பு. அவளிடம் போய், எனக்கு நிறம் தெரியாது என்று புது மாப்பிள்ளை எப்படிச் சொல்வான்? சொல்லலாம் என்று நினைத்த நாளெல்லாம் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. அப்படியே இருபத்தாறு வருஷங்கள் ஓடிவிட்டன.

சமாளிப்பது அவருக்குக் கைவந்த கலையாகிவிட்டது. சாலை விளக்கில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்குவார். மனைவி ஒரு துணியைத் தைத்து முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, "இந்தக் கலர் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டால், "உனக்கு எடுப்பா இருக்கு" என்பார். என்ன துணியானாலும் இதே பதில்தான். அவளும் ஒரு நாள்கூட மேற்கொண்டு கேட்டதில்லை.

ஐந்து வருஷங்களுக்கு முன்பு ஒரு பழைய கேமரா கையில் கிடைத்தபோது அவர் கறுப்பு வெள்ளையில் படமெடுக்க ஆரம்பித்தார். நிறம் என்ற தொல்லையே இல்லாத ஓரிடம் உலகத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. எதைப் படமெடுப்பது என்பதை அவர் தொழிலே காட்டிக்கொடுத்தது. சாவியை உள்ளே வைத்துவிட்டு வெளியே மாட்டிக்கொண்டவர்களைத்தான் எடுத்தார். வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு வாசலில் நிற்கும் பாங்கு அதிகாரி. உன்னிடம்தான் சாவி என்று ஒருவரையொருவர் கை காட்டும் கணவனும் மனைவியும். தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு நிற்கும் உடற்பயிற்சி ஆசிரியர். பூட்டு திறக்கும் நொடியில், "ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். கதவு திறக்கப் போகிற சந்தோஷத்தில் மனிதர்கள் எதற்கும் சரி என்பார்கள்.

பன்னிரண்டாவது படம் அவர் மனைவி. ஒரு நாள் வீட்டின் இரண்டு சாவிகளையும் இவரே எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். பூட்டுக்காரன் பெண்டாட்டி பூட்டிய வீட்டுக்கு வெளியே ஒரு மணி நேரம் நின்றாள். கையில் காய்கறிப் பை. மேலே, கல்யாணமான முதல் குளிர்காலத்தில் இவர் வாங்கிக் கொடுத்த சாம்பல் நிற ஸ்வெட்டர். திட்டுவதற்காக அவள் வாயைத் திறந்த அந்த நொடியில் இவர் பித்தானை அழுத்திவிட்டார். எடுத்ததில் அதுதான் நல்ல படம் என்று நூலகரே சொல்லியிருந்தார்.

நூலகர் கறாரான பெண்மணி, ஆனால் ரசிகை. படங்களைக் காட்சிக்கு வைக்க வாசிப்பறையின் நீண்ட சுவரை ஒரு மாதத்துக்குப் பூட்டுக்காரருக்கு ஒதுக்கித் தந்திருந்தார். இப்போது பச்சைப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை காலையில பன்னிரண்டும் சுவத்துல இருக்கணும். எதிர்ல பூரா ஜன்னல். வெள்ளைச் சுவர். கொஞ்சம் கலர் அடிச்சாலும் காட்டிக்கொடுத்துடும். உங்களால முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, பூ ஓவியச் சங்கத்துக்காரங்க ரெண்டு வருஷமா என் உயிரை வாங்கறாங்க."

"முடியும், முடியும்."

"கலரைக் கொஞ்சம் சரி பண்ணிக்கிட்டு வாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் என்று நினைத்துக்கொண்டே பூட்டுக்காரர் சைக்கிளை மிதித்தார். முதன்முதலாகத் தன் பெயர் போட்டு ஒரு சுவர். அதைப் பூக்களுக்கு விட்டுக்கொடுக்க அவருக்கு மனசில்லை. விட்டுக்கொடுக்காமல் இருக்க வேண்டுமானால் யாரிடமாவது கண் கடன் வாங்க வேண்டும். கடன் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

செவ்வாய்க்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி. பிரிண்டரும் மையும் விற்கிற கடையில் வேலை. இந்த வீட்டு பிரிண்டரும் அவன் கொண்டுவந்து வைத்ததுதான். உள்ளறையில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்திருந்தது.

"கறுப்பு மை ஒண்ணுலயே அடின்னு சொல்லிப் பார்த்தீங்களா மாமா?"

"பார்த்தேன். முகத்துல மிளகுத்தூள் தூவின மாதிரி வருது."

"வரும். ஒரே மைன்னா வெளிச்சமான இடத்துல புள்ளி தள்ளித்தள்ளி விழும். அதனாலதான் இது நீலம், ரோஸ், மஞ்சள் மூணையும் கறுப்போட கலந்து சாம்பலைச் செய்யுது. கலவை ஒரு சொட்டு பிசகினா போச்சு. கறுப்பு வெள்ளைன்னு பேருதான், உள்ளே பூரா கலர்!"

பூட்டுக்காரருக்குப் பகீர் என்றது. எந்தப் பிசாசுக்குப் பயந்து இந்தப் பக்கம் வந்தாரோ, அது இங்கே டப்பிக்குள் மையாக உட்கார்ந்திருக்கிறது.

மச்சான் கணினித் திரையில் இரண்டு கோடுகளைக் காட்டினான். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு புள்ளி. ஒன்றை நகர்த்தினால் படம் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே போய்வரும். இன்னொன்று பச்சைக்கும் ரோஸுக்கும் நடுவே. முதல் கோட்டில் பூட்டுக்காரர் புலி. ஒரு மயிரிழை நீலம் கூடினாலும் சட்டென்று பிடித்துவிட்டார். "அட, மாமாவுக்கு என்னா கண்ணு!" என்று மச்சானே வாயைப் பிளந்தான். இரண்டாவது கோட்டுக்கு வந்ததும் பூட்டுக்காரர், "இதை நீ பண்ணு, எனக்குக் கழுத்து வலிக்குது" என்று எழுந்துவிட்டார். மச்சான் நகர்த்தினான், ஒன்று அடித்தான், ட்யூப் லைட்டுக்குக் கீழே பிடித்தான், "பக்கா!" என்றான். கடையிலிருந்து போன் வந்ததும் ஓடிவிட்டான்.

புதன்கிழமை பூட்டுக்காரர் அந்தப் பக்காவை எடுத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனார். நூலகர் கண்ணாடியை ஏற்றி ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இப்ப ரோஸா இருக்கே" என்றார் நூலகர். "நாடகத்துக்குப் பவுடர் பூசின மாதிரி."

"வீட்டுல நல்லாத்தான் இருந்தது."

"வீட்டு வெளிச்சத்துல எல்லாம் நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு ஒரு நாள், நாளன்னிக்கு ஒரு நாள். பார்த்துக்குங்க."

மச்சானை மறுபடி கூப்பிடுவதற்கில்லை. ஒரு தடவை கழுத்து வலித்தது சரி, ஒவ்வொரு தடவையும் பச்சைக் கோட்டுக்கு வரும்போது மட்டும் கழுத்து வலித்தால் அவன் மோப்பம் பிடித்துவிடுவான். மச்சானுக்குத் தெரிவதும் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று.

வியாழக்கிழமை கடையைத் திறக்காமல் பூட்டுக்காரர் ஒரு காரியம் செய்தார். சாவிக்கொத்தில் எது சரியான சாவி என்று தெரியாவிட்டால் வரிசையாகப் போட்டுப் பார்ப்பதுதானே அவர் தொழில்? மனைவியின் படத்தைச் சின்னதாக்கி, ஒரே தாளில் பதினொரு தடவை அடித்தார். முதலாவது, நூலகர் பச்சை என்ற கலவை. பதினொன்றாவது, நூலகர் ரோஸ் என்ற கலவை. நடுவில் உள்ளவை ஒவ்வொரு படியாக ஏறிப் போகிறவை. சரியான சாவி நடுவில் எங்கேயோ இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் எண் போட்டார். மை காய்வதற்கு மத்தியானம் வரைக்கும் தாளை மின்விசிறிக் காற்று படாமல் தள்ளி வைத்தார். ஈரத்தில் ஒரு நிறம் காட்டும், காய்ந்தால் வேறு காட்டும் என்று மச்சான் சொல்லியிருந்தான்.

காய்ந்ததும் எடுத்துப் பார்த்தார். பதினொரு மனைவிகள், பதினொரு பேரும் திட்டுவதற்குத் தயாராக வாயைத் திறந்துகொண்டு, அச்சு அசலாக ஒரே மாதிரி நின்றார்கள். முதலாவதுக்கும் கடைசிக்கும் அவருக்கு ஒரு குண்டூசி முனை அளவுகூட வித்தியாசம் தெரியவில்லை. உலகத்தில் எல்லோருக்கும் தெரிகிற ஒன்று தன் மூக்குக்கு முன்னால் இருந்தும் தனக்கு மட்டும் தெரியவில்லையே என்று அவருக்கு அழுகைகூட வந்தது. ஐம்பது வயதில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்று அழுவது நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டார்.

முன்னறையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்த வட்டாரத்திலேயே நல்ல கண் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. சாம்பல் என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிற நிறத்தில் அவள் ஏழெட்டு வகை வைத்திருப்பாள். எலி, சிமெண்ட், மேகம், அலுமினியம், புகை, ஈரச் சாம்பல், காய்ந்த சாம்பல். அவளிடம் கேட்டால் ஒரு நிமிஷம். ஆனால் எப்படிக் கேட்பது? இதில் எது பச்சையும் இல்லாமல் ரோஸும் இல்லாமல் இருக்கிறது என்று கேட்டால், "ஏன், உங்களுக்குத் தெரியலையா?" என்பாள். அதோடு சாயம் வெளுத்துவிடும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். தாளோடு முன்னறைக்குப் போய், மெஷினுக்குப் பக்கத்தில் கிடந்த நூல் உருளைகளில் நல்ல சாம்பலாக ஒன்றைப் பார்த்து எடுத்தார்.

"ஊசி" என்றார். அவளை அப்படித்தான் கூப்பிடுவார், தொழிலையும் வைத்து, குணத்தையும் வைத்து. "ஃப்ரேமைச் சுத்தி துணி வெச்சு ஒரு தையல் ஓட்டலாம்னு இருக்கேன். இந்தச் சாம்பல் நூலுக்கு இதுல எந்தப் படம் ஒத்துப்போகுது, பார்த்துச் சொல்லேன்."

மெஷின் நின்றது. அவள் நூல் உருளையைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இந்த நூலுக்கா?"

"ஆமா."

"இந்தச் சாம்பல் நூலுக்கு?"

"அதான் சொல்றேனே. உனக்கு வேலை இருந்தா அப்புறம்கூட..."

"இருங்க."

நூல் பொருத்துவது என்றால் அவளுக்கு வாசல்தான். ட்யூப் லைட்டை அவள் நம்பவே மாட்டாள். தாளை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உருளையை மெஷின் மேலேயே வைத்துவிட்டுப் போனது பூட்டுக்காரர் கண்ணில் பட்டது. முப்பது வருஷத் தொழில், நிறத்தைத் தலைக்குள்ளேயே வைத்திருப்பாள் என்று வியந்துகொண்டார். அவள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று, தாளைக் கையெட்டும் தூரத்தில் பிடித்து, கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

"ஏழு."

"நிச்சயமா?"

"எட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா வெளியில வந்தா சிவக்குது. ஆறு பச்சை. ஏழு போடுங்க."

தாளைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். இரண்டு தையல் ஓட்டிவிட்டு, தலை நிமிராமல், "ஃப்ரேமுக்குத் துணி எப்ப வாங்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

"வாங்கணும், வாங்கணும்" என்று சொல்லிக்கொண்டே, நம்பிக்கையாக இருக்கட்டும் என்று அந்த நூல் உருளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பூட்டுக்காரர் உள்ளே நழுவினார்.

வெள்ளிக்கிழமை முழுக்க அடித்தார். மை சரியாக இறங்குகிறதா என்று முதலில் சோதனைக்கு ஒரு கட்டத்தை அடித்துப் பார்த்துவிட்டு, ஏழாம் எண்ணின் கலவையில் பன்னிரண்டு படங்கள். பல் துலக்குகிற அதிகாரி வந்தார், சோப்பு நுரை ஆசிரியர் வந்தார், கடைசியில் மனைவி வந்தாள். ஒவ்வொன்றையும் கட்டில் மேலும் நாற்காலி மேலும் பரப்பிக் காயவைத்தார். படுக்க இடமில்லாமல் இருவரும் முன்னறையில் பாய் விரித்தார்கள். அவள் படுத்ததும் தூங்கிவிட்டாள். அவருக்கு மட்டும், ஏழு சரியாக இல்லாவிட்டால் என்ன செய்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

சனிக்கிழமை காலை வாசிப்பறையில் நல்ல வெளிச்சம். நூலகர் கண்ணாடியை ஏற்றினார். முதல் படம் முன்னால் நின்றார், இரண்டாவதுக்குப் போனார், மூன்றாவதுக்குப் போனார். பன்னிரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, எல்லாவற்றையும் மறுபடி ஒரு தடவை பார்த்தார். பூட்டுக்காரர் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"கறுப்பு கறுப்பா இருக்கு. வெள்ளை வெள்ளையா இருக்கு" என்றார் நூலகர். "நடுவுல இருக்கறது எல்லாம் சாம்பல். ஒரு பொட்டு கலர் இல்லை. எப்படிங்க பண்ணினீங்க?"

"பண்ணினேன்" என்றார் பூட்டுக்காரர். முகத்தில் அசடு வழிந்தது. சந்தோஷத்தில் பெயர் அட்டைக்கான கடைசி ஆணியை அடிக்கக் குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து நூல் உருளை விழுந்து, மேஜைக்கு அடியில் உருண்டோடியது. நூலகர் எடுத்து நீட்டினார்.

"இந்த ரோஸ் நூல் உங்களுதா?"

"எந்த ரோஸ் நூல்?"

"இதுதான். குழந்தைங்க கவுனுக்குப் போடுவாங்களே, அந்த ரோஸ்."

பூட்டுக்காரர் உருளையை வாங்கினார். திருதிருவென்று விழித்தார். பிறகு, பன்னிரண்டு படங்கள் தொங்குகிற சுவருக்கு எதிரே, நாற்காலியில் யாரோ படித்துவிட்டு வைத்துப்போன செய்தித்தாளின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நூல் ரோஸ். நூலுக்கு ஒத்துப்போகிற படத்தைத்தான் அவர் கேட்டார். அவள் அதற்குப் பதில் சொல்லியிருந்தால் இந்தச் சுவர் முழுக்க இப்போது ரோஸாக இருந்திருக்க வேண்டும். சுவரில் ஒரு பொட்டு நிறம் இல்லை. அப்படியானால் அவள் நூலோடு பொருத்திப் பார்க்கவே இல்லை. அதனால்தான் உருளையை மெஷின் மேலேயே விட்டுவிட்டுப் போனாள். "இந்த நூலுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டாளே! ரோஸ் நூலைச் சாம்பல் என்று நீட்டுகிற மனிதனைப் பார்த்து ஆச்சரியப்படாத பெண்ணுக்கு, அது புதிய செய்தியாக இருக்க முடியாது.

வீட்டுக்கு வந்தபோது அவள் ஒரு காலருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். பூட்டுக்காரர் உருளையை மெஷின் மேல் வைத்தார்.

"இது ரோஸாம்."

"ஆமா" என்றாள் அவள், மெஷினை நிறுத்தாமல்.

"நான் சாம்பல்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அப்புறம் ஏழுன்னு எதை வெச்சுச் சொன்ன? நான் கேட்டது நூலுக்கு."

"உங்க வாய் நூலுக்குக் கேட்டுச்சு. உங்க மூஞ்சி படத்துக்குக் கேட்டுச்சு." மெஷின் நின்றது. "ரெண்டுல எதுக்குப் பதில் சொல்றது?"

பூட்டுக்காரர் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக மனசுக்குள் எழுதி வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. அதில் ஒரு வரிகூட வரவில்லை. "எனக்குப் பச்சையும் சிவப்பும் தெரியாது, ஊசி" என்றார். "ரயில் வேலை எனக்குப் பிடிக்காம இல்லை. அவங்களுக்குத்தான் என்னைப் பிடிக்கலை. அதை உன்கிட்ட மறைச்சுட்டேன்."

"பச்சையாப் பொய் சொன்னீங்க."

"பச்சைன்னா என்னன்னு தெரியாமலே சொன்னேன்."

அவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பூட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கிய கையோடு கோபமும் வந்தது.

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

அவள் எழுந்து போய் அலமாரியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துவந்து அவர் மடியில் போட்டாள். "இது என்ன கலர்?"

அவர் வாயைத் திறந்தார். சாம்பல் என்று சொல்லப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "ஐயையோ" என்றார்.

"ரோஸ்" என்றாள் அவள். "எந்தக் கலர்ல வேணும்னு கேட்டீங்க. சாம்பல்னா ரொம்பப் பிடிக்கும், ரோஸ் மட்டும் வேண்டாம், ரோஸைக் கண்டாலே எனக்கு ஆகாதுன்னு சொன்னேன். நீங்க இதைக் கொண்டுவந்து, நீ கேட்ட சாம்பல்னு நீட்டினீங்க. முதல்ல கிண்டல் பண்றீங்கன்னு நினைச்சேன். அப்புறம் உங்க மூஞ்சியைப் பார்த்தேன். கிண்டல் பண்ற மூஞ்சியா அது?"

"கடைக்காரன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கறதுக்கு வெட்கமா இருந்தது." ஸ்வெட்டரைத் தடவிக்கொண்டே கேட்டார்: "இருபத்தஞ்சு வருஷமா இதைப் போட்டுக்கிட்டே இருக்கியே? உனக்குத்தான் ரோஸ் ஆகாதே?"

"இன்னிக்கும் ஆகாது."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு பார்த்தேன். நாளைக்குச் சொல்லுவாரு, அடுத்த வாரம் சொல்லுவாருன்னு பார்த்துப் பார்த்து எனக்குத் தலை நரைச்சுப்போச்சு. நரைச்சதாவது உங்களுக்குத் தெரியுதா?"

"அது தெரியுது" என்றார் அவர். பிறகு, ரொம்ப நேரமாக உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டார்: "தெரிஞ்சுக்கிட்டே ஏன் ஒவ்வொரு துணியையும் காட்டி, கலர் எப்படி இருக்குன்னு என்னையே கேட்ட? என்னைத் திண்டாட விட்டு வேடிக்கை பார்த்தியா?"

"கொஞ்சம் வேடிக்கைக்கும்தான்" என்று அவள் ஒப்புக்கொண்டாள். "ஆனா நாள் பூரா கலர் தெரிஞ்சவங்களோடதான் மாரடிக்கறேன். அத்தனை பேரும் துணியைத்தான் பார்ப்பாங்க. இது ஒரு மாத்துக் கம்மி, அது ஒரு மாத்துக் கூடன்னு. துணியைப் பார்க்காம என் மூஞ்சியைப் பார்த்து எடுப்பா இருக்குன்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதான். அதைக் கேட்காம இருக்க முடியுமா?"

பூட்டுக்காரர் ஸ்வெட்டரில் இல்லாத தூசியைத் தட்டினார்.

"சரி, எழுந்திருங்க. சுவத்தைப் பார்க்க வேண்டாமா? அதைக் குடுங்க, வெளியில குளிருது" என்று சொல்லி அவள் ஸ்வெட்டரை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

வாசிப்பறையில் இருபது பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். பாங்கு அதிகாரி தன் படத்துக்கு முன்னால் நின்று, பிரஷ் இல்லாமல் வந்திருப்பதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். மச்சானும் கடையிலிருந்து ஓடிவந்திருந்தான். படங்களைச் சுற்றிவந்து பன்னிரண்டாவதன் முன்னால் நின்று, அக்காவைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டான்.

"என்னடா?" என்றார் பூட்டுக்காரர்.

"ஒண்ணும் இல்லை மாமா."

"ரோஸ் ஸ்வெட்டர்னு சொல்ல வந்தே. சொல்லு, பரவாயில்லை."

மச்சான் மிரண்டுபோய் அக்காவைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள். "அப்பாடா!" என்று அவன் பெருமூச்சு விட்டான். "எனக்கு அப்ப எட்டு வயசு மாமா. இந்த ஸ்வெட்டர் கலரைப் பத்தி மாமா முன்னாடி வாயைத் திறந்தா தோலை உரிச்சுடுவேன்னு அக்கா சொல்லியிருந்தா. எதுக்குன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நானும் திறக்கலை."

ஒலிபெருக்கி இருபத்தைந்து வருஷமாக ஊமையாக இருந்திருக்கிறது. பூட்டுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அவனைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

மனைவி பன்னிரண்டாவது படத்தின் முன்னால் போய் நின்றாள். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன்மேல் விழுந்தது. காய்கறிப் பையோடு திட்ட வாயைத் திறந்த பெண்ணும், அவளுக்கு எதிரே அதே ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு வாயை மூடி நிற்கிற பெண்ணும். அவள் தன் கையைத் தூக்கி ஸ்வெட்டரின் முழங்கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள், நூல் பொருத்துகிற மாதிரி. கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள்.

பூட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"எப்படி இருக்கு?" என்று முதன்முறையாக அவர் கேட்டார்.

"சாம்பலா இருக்கு" என்றாள் அவள். "எலியும் இல்லை, சிமெண்டும் இல்லை, நல்ல சாம்பல். நான் கேட்டது இதைத்தாங்க. வாங்கிக் குடுக்க இத்தனை வருஷம் ஆகியிருக்கு உங்களுக்கு."